பூவைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஊரிலும் ஒரு ராத்திரி தங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் மேற்கு ஆஸ்திரேலியாவின் காட்டுப்பூக்களைப் பற்றி இரண்டு பக்கம் வந்திருந்தது. படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒரே ஒரு ஊரின் பெயர்கூட இல்லை. பெர்த் நகரத்தில் கார் எடுத்தால் பூக்காட்டைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு வரி, அதோடு சரி. அந்தப் பூக்காட்டுக்கு நடுவே ஊர்கள் இருக்கின்றன, அங்கே உழுது பயிர் செய்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு ஊரில் நானும் என் மனைவியும் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு மானாவாரி விவசாயி. நாற்பது வருடமாகக் கம்பு, உளுந்து, பாசி, கொத்தமல்லி, இப்போது மக்காச்சோளம். மகள் பெர்த்தில் இருக்கிறாள். போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் போயிருந்தபோது, "அப்பா, நீங்க பாக்க வேண்டிய இடம் நகரத்துல இல்ல, வடக்க இருக்கு" என்று சொல்லி, மருமகனுக்கு லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். நமக்கு ஆவணி மாதம், அங்கே குளிர்காலம் முடிந்து வெயில் மெல்ல ஏறத் தொடங்குகிற சமயம். பூ பூக்கிற காலமும் அதுதான்.

போன ஊரின் பெயர் மல்லெவா. பெர்த்திலிருந்து வடக்கே 450 கிலோமீட்டருக்கு மேல். கடற்கரையில் உள்ள ஜெரால்ட்டன் என்ற துறைமுக நகரத்திலிருந்து கிழக்கே உள்நாட்டுக்குள் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நாங்கள் டால்வாலினு, பெரஞ்சோரி, மொராவா என்று உள் வழியாகவே போனோம். அந்தச் சாலைக்கே காட்டுப்பூ வழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே நாளில் போய்த் திரும்புவதென்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் காரிலேயே கழியும், பூவை ஓடுகிற கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். அந்தி நேரத்தில் கங்காரு திடீரென்று சாலையில் பாயும் என்பதால் இருட்டினால் அங்கே யாரும் வண்டி ஓட்ட விரும்புவதில்லை. இணைப்பில் எழுதியவர் இதையாவது சொல்லியிருக்கலாம்.

டால்வாலினு தாண்டியதும் இரண்டு பக்கமும் கோதுமை. பச்சை என்றால் அப்படியொரு பச்சை, கண்ணுக்கு எட்டும் வரை வரப்பே இல்லாத பச்சை. நடுநடுவே மஞ்சளாகக் கனோலா, அதாவது எண்ணெய் ஆட்டுகிற கடுகு இனம். மணற்பாங்கான இடங்களில் லூபின் என்று ஒரு பயறு, வெள்ளைப் பூ பூத்து நின்றது. காட்டில் தானாக முளைக்கும் லூபினுக்கு நீலப் பூ. ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற விஞ்ஞானி பல வருடம் பாடுபட்டு, வெள்ளைப் பூவும் கசப்பு குறைந்த பருப்புமாக ஒரு ரகத்தை 1967-இல் கொடுத்த பிறகுதான் அது அங்கே பெரிய அளவில் வயலுக்கு வந்தது. கோதுமைக்கு நடுவே ஒரு வருடம் இதைப் போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும். நாம் சோளம் வெட்டிய காட்டில் உளுந்து போடுகிற அதே கணக்குத்தான்.

ஊரில் வந்து இறங்கினால் அகலமான ஒரு தெரு, பழைய ரயில் நிலையம், ஒரு பெட்ரோல் பங்க், சில கடைகள், மதுக்கடையும் தங்கும் விடுதியுமாக ஒரு கட்டடம், அப்புறம் ஊருக்கே காவல் நிற்பது போலத் தானியக் கிட்டங்கிகள். மொத்தம் சில நூறு பேர்தான் இருப்பார்கள். ஒரு காலத்தில் பெரிய ரயில் சந்திப்பாக இருந்த ஊர். ஜெரால்ட்டனிலிருந்து ரயில் பாதை 1894-இல் இங்கே வந்து, பிறகு உள்நாட்டுத் தங்கச் சுரங்கங்களை நோக்கி நீண்டது. அந்த உள்நாட்டுப் பாதையை 1970-களில் மூடிவிட்டார்கள். ரயில் போனதும் வேலை போனது, வேலை போனதும் பிள்ளைகள் போனார்கள். பண்ணைகள் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு பண்ணைக்கும் தேவைப்படுகிற ஆள் குறைந்துவிட்டது. ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கான ஏக்கரை இரண்டு பேர், மூன்று பேரை வைத்து விதைத்து அறுத்துவிடுகிறது. பூட்டிக் கிடந்த இரண்டு மூன்று கடைகளின் முன்னால் என் மனைவி நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, நம்ம ஊரு பஜார் மாதிரியே இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தத் தானியக் கிட்டங்கிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவை எந்தத் தனியார் வியாபாரிக்கும் சொந்தமில்லை. 1933-இல், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது, சாக்குச் செலவு கட்டுப்படியாகாமல் தானியத்தை மொத்தமாகக் கொட்டி வைக்கத் தொடங்கிய கூட்டுறவு அமைப்பு அது, சுருக்கமாக சிபிஎச் என்கிறார்கள். இன்றைக்கும் விவசாயிகளே அதன் உறுப்பினர்கள், விவசாயிகளே உரிமையாளர்கள். மேற்கு ஆஸ்திரேலியத் தானியத்தின் மிகப் பெரும் பகுதி அதன் வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகிறது. ஜப்பான்காரர்கள் உடோன் என்று தடிமனாக ஒரு நூடுல்ஸ் செய்வார்களே, அதற்கென்றே இந்த மாநிலத்தில் ஒரு கோதுமை விளைவித்து அனுப்புகிறார்கள். கூட்டுறவு என்றாலே உதட்டைப் பிதுக்குகிற இடத்திலிருந்து போனவன் நான். அந்தக் கிட்டங்கியின் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தேன்.

மழைக் கதைக்கு வருகிறேன். அங்கே ஆண்டுக்கு 350 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கே 650 பக்கம் வரும், அதற்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதில் பாதியை வைத்துக்கொண்டு கோதுமை எடுக்கிறார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை பெய்கிற குளிர்கால மழை மட்டும்தான், அதற்கப்புறம் வெயில் கொளுத்திவிடும். பெட்ரோல் பங்கில் டீ குடித்துக்கொண்டிருந்த வயதான விவசாயி ஒருவரிடம் மகளை வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். ஏப்ரல் 25 அவர்களுடைய போர்வீரர் நினைவு நாள். அந்தத் தேதியை ஒட்டித்தான் விதைப்பு என்பது அப்பன் பாட்டன் காலத்துக் கணக்கு என்றார். இப்போது மழைக்குக் காத்திருக்காமல் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு மழை வரட்டும் என்று இருப்பதும் உண்டாம். அடடா, புழுதி விதைப்பு! நாங்கள் புரட்டாசியில் செய்வது அதுவேதான். மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டு வேலிக் கம்பத்தில் மழைமானி மாட்டி, பெய்த ஒவ்வொரு நாளும் எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம், அவருடைய அப்பா எழுதிய நோட்டும் பத்திரமாக இருக்கிறதாம். நாங்கள் ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்று மண் நனைந்த ஆழத்தை வைத்துச் சொல்வோம் என்றேன். அது இன்னும் நல்ல கணக்காக இருக்கிறதே என்றார். அவர் முகம் மாறியது ஒரு இடத்தில்தான், பழைய நோட்டையும் இப்போதைய நோட்டையும் ஒப்பிட்டால் குளிர்கால மழை குறைந்துகொண்டே வருகிறது என்று சொன்னபோது. அவர் நோட்டு மட்டும் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை முழுவதுமே 1970-க்குப் பிறகு குளிர்கால மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது என்று அந்த நாட்டு வானிலைத் துறையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, பூவுக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் மல்லெவாவிலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் போய் பிண்டார் என்ற இடத்தில் வடக்கே திரும்பினோம். பிண்டாரில் நாலைந்து கட்டடம் இருந்தால் அதிகம். அதற்கப்புறம் சரளைச் சாலை, மண் செக்கச்செவேல் என்று இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலேயே திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் தேரிக்காடு இருக்கிறதல்லவா, அந்தச் சிவப்பு. என் மனைவி பிறந்தது அந்தப் பக்கம்தான், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பப் போட்டாள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், சாலையின் ஓரத்திலேயே, வண்டிச் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, வளையம் வளையமாகத் தரையில் பூ. லெச்செனால்டியா மக்ராந்தா என்பது அதன் அறிவியல் பெயர், ஊரில் மலர்வளையப் பூ என்கிற அர்த்தத்தில் ரீத் ஃப்ளவர் என்கிறார்கள். செடி தரையோடு தரையாக வட்டமாகப் படர்கிறது. நடுவில் ஊசி ஊசியாகச் சாம்பல் பச்சை இலை, பூவெல்லாம் விளிம்பில் மட்டும், வெளியே பார்த்தபடி. இளமஞ்சளும் ரோஸும் சிவப்பும் கலந்து சிறியது ஒரு தட்டு அளவு, பெரியது சுளகு அளவு. யாரோ உட்கார்ந்து தொடுத்து அங்கே வைத்துவிட்டுப் போனது போலவே இருக்கும். மனைவி பார்த்ததும் "பூவுல சும்மாடு கட்டி வச்ச மாதிரி இருக்கே" என்றாள். அதைவிட நன்றாக இனி யாரும் சொல்ல முடியாது. தலைச்சுமை தூக்கிய பெண்களுக்குத்தான் அந்த வட்டம் தெரியும்.

அது ஏன் சாலையோரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். கிளறிய மண்தான் அந்தச் செடிக்குப் பிடிக்குமாம். சாலையைச் சீர்செய்கிற இயந்திரம் ஓரத்து மண்ணை வழித்துப் போட்ட இடத்தில் விதை முளைத்து வருகிறது. ஆகவே உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பூ, வண்டி ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, மிதிபடுகிற தூரத்தில் பூக்கிறது.

இந்தச் சாலை ஓரம் என்பதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மல்லெவாவுக்கு வருகிற வழி முழுவதும் கவனித்தேன். வயலில் ஒரு காட்டுச்செடி இல்லை, எல்லாம் கோதுமை. ஆனால் சாலைக்கும் வயல் வேலிக்கும் நடுவே சில இடங்களில் பத்தடி, சில இடங்களில் ஐம்பதடி, நூறடி என்று ஒரு பட்டை, அதில் மட்டும் பழைய காடு அப்படியே நிற்கிறது. புதர், மரம், அதன் காலடியில் ஆயிரக்கணக்கில் பூ. கோதுமைக்காக அந்த நாட்டுக் காட்டை அழித்தது சாதாரண அழிப்பில்லை. 1960-களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர் என்று இலக்கு வைத்தே மாநில அரசு காட்டை விவசாயத்துக்குத் திறந்துவிட்டது. கோதுமை மண்டலத்தின் பல பகுதிகளில் பழைய காட்டில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 12,000 வகைக்கு மேல் பூச்செடிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் வேறெங்கும் கிடையாது. அதில் எத்தனையோ இன்று உயிரோடு இருப்பது இந்தச் சாலையோரப் பட்டையில்தான்.

காட்டை அழித்ததற்கு விவசாயியே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த மரங்கள் ஆழமாக வேர்விட்டு மழைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கோதுமைக்கு அவ்வளவு வேர் கிடையாது, வருடத்தில் பாதி நாள் நிலம் சும்மா வேறு கிடக்கிறது. குடிக்க ஆளில்லாத தண்ணீர் கீழே இறங்கி, நிலத்தடி மட்டம் மெல்ல மெல்ல மேலே வந்தது, வரும்போது பல்லாயிரம் வருடமாக அடியில் சேர்ந்து கிடந்த உப்பையும் கூடவே கொண்டுவந்தது. அந்த மாநிலத்தின் தென்மேற்கில் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் இப்படி உவர் ஏறிவிட்டது. வழியில் பல பள்ளங்களில் பார்த்தோம், பட்டுப்போன மரங்கள் எலும்பு போல நிற்க, தரை வெள்ளை வெளேரென்று இருந்தது. உப்புப் பூத்த மண் என்று நாங்கள் சொல்வோம். ஒரு பக்கம் அந்தப் பூப்பு, சாலையின் மறுபக்கம் இந்தப் பூப்பு. விவசாயியாக எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அழித்தவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை, அந்தக் காலத்தில் நிலம் வாங்கியவன் குறிப்பிட்ட அளவு காட்டைத் திருத்தியே ஆகவேண்டும் என்பதுதான் சட்டமாக இருந்தது. இப்போது அந்த விவசாயிகளில் பலர் அவர்களே மரம் நடுகிறார்கள், பள்ளமான இடங்களை வேலி போட்டு விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கோல்சீம் என்ற பாதுகாக்கப்பட்ட இடம், மல்லெவாவுக்கும் மிங்கெனியூ என்ற ஊருக்கும் இடையில் இர்வின் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1846-இல் கிரிகரி சகோதரர்கள் அந்த மாநிலத்திலேயே முதன்முதலாக நிலக்கரியைக் கண்டது இங்கேதான், ஆற்றங்கரைச் சுவரில் கறுப்புப் பட்டை இன்றும் தெரிகிறது. வெட்டி எடுத்து லாபம் பார்க்கிற அளவுக்குத் தரமில்லை என்று விட்டுவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று. அங்கேதான் எவர்லாஸ்டிங் என்கிற பூவைக் கம்பளம் விரித்தது போலப் பார்த்தோம். உங்கள் படத்தில் இருந்ததும் அதுதான். வெள்ளை, ரோஸ், மஞ்சள். நம் வாடாமல்லியைப் போலவே இதழ் காகிதம் மாதிரி இருக்கும், தொட்டால் சரசரவென்று சத்தம் கேட்கும், காய்ந்தாலும் நிறம் போகாது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், காலையில் சீக்கிரம் போனால் எல்லாம் கூம்பிக் கிடக்கும், மேகம் போட்டாலும் கூம்பிவிடும். வெயில் ஏறி பத்து மணிக்கு மேல்தான் முழுசாக விரிகிறது. மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே அது விரிவதைப் பார்த்தோம். ஒரே சமயத்தில் இல்லை, வெயில் படுகிற சரிவு முதலில், நிழல் சரிவு பிறகு என்று மெதுவாக நிறம் நகர்ந்து வந்தது. நான்கு பேரும் பேசவில்லை.

இவை எல்லாம் ஒருவருடச் செடிகள். விதை மண்ணுக்குள் கிடந்து, குளிர்காலத் தொடக்கத்தில் நல்ல மழை விழுந்தால்தான் முளைக்கும். மழை பொய்த்த வருடம் அந்தக் கம்பளம் கிடையாது. கோதுமைக்கு எந்த மழையோ பூவுக்கும் அதே மழைதான். பூ நன்றாக இருக்கிற வருடம் விவசாயி முகத்திலும் தெளிச்சி இருக்கும் என்று ஊரில் தகவல் சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், சம்பளம் வாங்காமல் சீசன் முழுவதும் வந்து உட்கார்கிறார். எந்தச் சாலையில் இந்த வாரம் என்ன பூத்திருக்கிறது, எந்தச் சாலை ஈரமாக இருக்கிறது, போகாதே என்று சுவரில் மாட்டிய வரைபடத்தில் கைப்பட எழுதி வைத்திருந்தார். இந்தத் தகவல் எந்தக் கைப்பேசியிலும் கிடைக்காது. ஊருக்குள் போய் அவரிடம் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும்.

மனம் கசந்த ஒரு விஷயமும் நடந்தது. பூக்கம்பளத்தின் நடுவில் ஒரு சுற்றுலா வேனில் வந்தவர்கள் இறங்கி, உள்ளே நடந்து போய்ப் படுத்துப் புரண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடைபாதை தனியாகப் போட்டிருக்கிறார்கள், பலகையும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்துபோன பிறகு அந்த இடத்தைப் பார்த்தேன், மாடு படுத்து எழுந்த உளுந்தங்காடு மாதிரி நசுங்கிக் கிடந்தது. அந்தப் பூ விதை கட்டுவதற்கு முன்னால் நசுங்கினால் அடுத்த வருடத்துக்கு அந்த இடத்தில் விதை ஏது? கொத்துக் கொத்தாகப் பறித்துக் கையில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அனுமதியில்லாமல் ஒரு காட்டுப்பூவைப் பறிப்பதே அங்கே சட்டப்படி குற்றம். நம்மவர்கள் குடும்பம் ஒன்றும் அங்கே தள்ளி நின்றது, அவர்கள் பிள்ளை பூவைப் பறிக்கப் போனபோது அதன் பாட்டி "தொடாதே கண்ணு, அது அது இடத்துல இருக்கட்டும்" என்று தடுத்தார். அந்தப் பாட்டிக்கு என் வணக்கத்தை இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.

இதேபோல வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள். கனோலா மஞ்சளில் நின்று படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. அந்த ஆள் முந்தின நாள் வேறொரு வயலில் இறங்கியிருந்தால் செருப்பிலும் சக்கரத்திலும் களை விதையும் பயிர் நோயும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை விவசாயியைக் கேட்டால்தான் தெரியும். நம் காட்டுக்குள் ஒருவன் கேட்காமல் இறங்கினால் நாம் சும்மா இருப்போமா? வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ என்பது அந்த நாட்டுக் கிராமத்து வழக்கம்.

மல்லெவாவில் ஒரு தேவாலயம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வராதீர்கள். ஜான் ஹாஸ் என்று ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் பிறந்து கட்டடக் கலை படித்தவர், பிறகு துறவு பூண்டு அந்தப் பகுதிக்கு வந்தார். ஜெரால்ட்டனில் உள்ள பெரிய கதீட்ரலும் அவர் வரைந்து கட்டியதுதான். மல்லெவா தேவாலயத்தை 1920 முதல் 1927 வரை உள்ளூர்க் கல்லை வைத்து, பெரும்பாலும் தன் கையாலேயே, ஊர் ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு கட்டியிருக்கிறார். ஒரு பக்கம் மக்களுக்குப் பூசை வைப்பதும் இன்னொரு பக்கம் சாரம் ஏறிக் கல் அடுக்குவதுமாக ஏழு வருடம். கல் ஒவ்வொன்றும் ஒரு நிறம், மாலை வெயிலில் அந்தச் சிவப்பு மண்ணே எழுந்து நிற்பது போலத் தெரிகிறது. கடைசிக் காலத்தில் பஹாமாஸ் தீவுகளில் ஒரு குன்றின் மேல் சிறிய ஆசிரமம் கட்டிக்கொண்டு தனியாக இருந்தார், 1956-இல் இறந்துபோனார். அவர் குடியிருந்த வீடு பக்கத்திலேயே இருக்கிறது.

அவருக்கும் கோதுமைக்கும் ரயிலுக்கும் எத்தனையோ ஆயிரம் வருடம் முன்னாலிருந்தே அந்த மண்ணில் இருப்பவர்கள் யமாஜி மக்கள், அந்தப் பக்கத்தில் வஜாரி மொழி பேசுகிறவர்கள். ஊரில் இன்றும் அவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். நிலத்தைப் பறிகொடுத்த கதை அவர்களுடையது, அதை நான் இரண்டு வரியில் எழுதிக் கடந்துபோக விரும்பவில்லை. நாங்கள் மலர்வளையப் பூ பார்த்த அதே பிண்டார் சாலை மேலும் வடக்கே வெகுதூரம் போய் ஒரு பெரிய வானொலித் தொலைநோக்கி ஆய்வகத்தை எட்டுகிறது. வானத்துச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் மனிதர் சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த இடம். லட்சத்துக்கு மேற்பட்ட ஆன்டெனாக்களை அங்கே நட்டுக்கொண்டிருக்கிறார்கள், இந்தியாவும் அந்தத் திட்டத்தில் பங்காளி. அந்த இடத்துக்கு இன்யாரிமன்ஹா இல்காரி புந்தாரா என்று வஜாரி மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள், வானத்தையும் விண்மீன்களையும் பகிர்ந்துகொள்வது என்று அர்த்தமாம். ராத்திரி விடுதிக்கு வெளியே வந்து நின்று பார்த்தபோது அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரிந்தது. எங்கள் ஊரிலும் சிறு வயதில் களத்து மேட்டில் படுத்துக்கொண்டு இப்படித்தான் பார்த்திருக்கிறேன், இப்போது அங்கே விளக்கு வந்துவிட்டது.

ஒரு ஊரில் ஒரு ராத்திரி தங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். விடுதிக்காரருக்கு ஒரு அறை, பெட்ரோல் பங்குக்கு ஒரு டேங்க், டீக்கடைக்கு நான்கு டீ. பூ சீசன் இரண்டு மூன்று மாதம்தான். அந்த இரண்டு மூன்று மாத வரும்படியை நம்பித்தான் அங்கே ஒரு கடை வருடம் முழுவதும் திறந்திருக்கிறது. கடை மூடிவிட்டால் விவசாயி ஒரு தீப்பெட்டிக்கு நூறு கிலோமீட்டர் போக வேண்டும். பெர்த்திலேயே சாப்பாடு, பெட்ரோல் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு போய், பூவை மிதித்துவிட்டு, குப்பையை மட்டும் ஊரில் போட்டுவிட்டு வருகிற பயணத்தால் அந்த ஊருக்கு எதுவும் மிஞ்சாது. நாங்களும் புளியோதரை கட்டிக்கொண்டு போனவர்கள்தான், ஆனால் இரண்டு ராத்திரி காசு கொடுத்துத் தங்கினோம், கடையில் வாங்கினோம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை இந்த விஷயத்தைப் போடும்போது ஊர்ப் பெயர்களையும் போடுங்கள். மல்லெவா, மொராவா, பெரஞ்சோரி, மிங்கெனியூ, இந்த நான்கையாவது போடுங்கள். பெர்த்தில், மெல்பர்னில், சிட்னியில் உங்கள் பேப்பரை இணையத்தில் படிக்கிற நம் பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள், ஊரிலிருந்து வருகிற அப்பா அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் யோசனைதான். விவசாயக் குடும்பத்துப் பெற்றோராக இருந்தால் நகரத்துக் கடைவீதியைவிட இது அவர்களுக்குப் பிடிக்கும். எவர்லாஸ்டிங் பார்க்க ஆகஸ்ட் மாதம், மலர்வளையப் பூவுக்கு ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். மல்லெவாவில் ஆகஸ்ட் கடைசியில் காட்டுப்பூக் காட்சி ஒன்றும் வருடாவருடம் வைக்கிறார்கள். மூடிய செருப்பு போடுங்கள், ஈ மொய்க்கும், தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் கூடுதலாக வையுங்கள், பல இடங்களில் கைப்பேசி எடுக்காது. விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் மே, ஜூனில் அங்கே மழை விழுந்ததா என்று பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள். நானும் இந்த வருடம் மகளிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். ஜூன் முதல் வாரம் மல்லெவாப் பக்கம் இரண்டு உழவு மழை பெய்திருக்கிறதாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்